சீதனக் கப்பல்

முதல்ல ஒண்டு கேக்கணும் புள்ள. நீங்க குகதாசன்ட ஊட்ட போய்ட்டுத்தானே இஞ்ச வாறீங்க? மறைக்க வேணா. உங்கட சப்பாத்தில ஒட்டியிருக்கிற கிரவல் மண் அவன்ட வாசல்ல கொட்டினது. எங்கட பக்கம் வெள்ள மணல்தான். அவன் உங்களுக்குக் குடிக்கக் கோப்பி தந்திருப்பான். கம்ப்யூட்டர்ல கப்பல்ட படம் காட்டியிருப்பான். மறுகா, "எங்கட அத்தான் ஒருத்தர் இருக்கார், அவரிட்டயும் ஒரு கப்பல் இருக்கு, போய்க் கேளுங்க" எண்டு சொல்லிச் சிரிச்சிருப்பான். சிரிச்சானா இல்லையா? அது!

பேப்பர்ல எழுதுறீங்க எண்டா ஒழுங்கா எழுதுங்க. ஜப்பான்காரன்ட பிளேன் வந்து குண்டு போட்ட அந்த நாப்பத்திரெண்டாம் ஆண்டுச் சித்திரை மாசத்தில, இந்தக் கடல்ல அடிக்குத் தாண்டு போனது ஒரு கப்பலில்ல. போர்க்கப்பலும் தாண்டது, எண்ணெய்க் கப்பலும் தாண்டது. குகதாசன் காட்டுறது அதில ஒண்டு. பெரிசு, பிளேன் ஏத்துற கப்பல். அதை நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா ஒண்டு என்ட. களவெடுத்ததில்ல, கண்டெடுத்ததுமில்ல. எனக்குச் சீதனமா வந்தது.

சிரிக்கிறீங்க. சிரிங்க, எல்லாரும் சிரிக்கிறதுதான். ஞானம், இந்தப் புள்ளைக்குத் தேத்தண்ணி கொண்டு வா. பெரிய கோப்பையில கொண்டு வா, கதை நீளம்.

எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. எங்கட அம்மா எனக்குப் பொம்புள பாத்துத் திரியிறா. மட்டக்களப்பில பொம்புள பக்கம் ஊடு குடுக்கணும், அது வழமை. ஊட்டுக்கு மேல என்ன குடுக்கிற எண்டதுதான் பேச்சு. ஒரு நாள் கலியாணப் புரோக்கர் வீரக்குட்டி வந்து, வெத்திலத் தட்டத்தைத் தன்ட பக்கம் இழுத்து வச்சிக்கொண்டு சொல்றார்: "பத்தக்குட்டியர்ட மகள். ஊடு ஒண்டு. கிணறு ஒண்டு. தென்னை பதினொண்டு. கப்பல் ஒண்டு."

அம்மாவுக்கு வாயில கிடந்த பாக்கு உள்ளுக்குப் போய்ட்டு. இருமி முடிச்சிட்டுக் கேட்டா: "என்ன ஒண்டு?"

"கப்பல்."

"தோணியச் சொல்றீங்களோ?"

"தோணியெண்டா தோணியெண்டு சொல்லத் தெரியாதா எனக்கு? கப்பல். 'கப்பலையும் மருமகனுக்கே குடுப்பன்' எண்டு பத்தக்குட்டியர் தன்ட வாயால சொன்னது. நான் கூட்டவுமில்ல குறைக்கவுமில்ல."

அண்டையில இருந்து அம்மாட நடை மாறிட்டு. மீன் வாங்கப் போனாலும் "எங்கட மகனுக்குக் கப்பல் வருகுது" எண்டுவா, கோயில்ல விபூதி வாங்கக்குள்ளயும் அதையே சொல்லுவா. ஐயர் கூட என்னைக் கண்டா ஒரு சிரிப்புச் சிரிப்பார். என்ட கூட்டாளி ஒருத்தன் கப்பல்ல சமையல்காரன் வேலை கேட்டான். குடுக்கிறன் எண்டு வாக்கும் குடுத்திட்டன். நானும் சும்மா இருந்தனா? மட்டக்களப்பு டவுனுக்குப் போய் ஒரு வெள்ளத் தொப்பி வாங்கினன். கப்பல் கப்டன்மார் போடுற மாதிரி, முன்னுக்கு நங்கூரம் வச்சது. தாலி கட்டி முடிஞ்சு தலைப்பாகையக் கழட்டினதும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் படத்துக்கு நிண்டன். படம் உள்ளுக்கு இருக்கு. காட்டமாட்டன்.

கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள் விடியக்குள்ள மாமா வந்து "வா" எண்டார். மாமாவைப் பத்தி ஒண்டு சொல்லணும். அந்த மனிசன் எந்த நேரமும் வெத்தில போட்டிருப்பார். வாய் நிறைஞ்சிருக்கும். ஒரு நாளைக்கு நாலு சொல் கதைச்சா அதில மூண்டு நாய்க்கு ஏசுறது. நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர்ட தோணியில ஏறினன். பெரிய கப்பல் கரைக்கு வராதுதானே, தோணியில போய்த்தான் ஏறணும் எண்டு நினைச்சன். "மாமா, கப்பல் வாழைச்சேனைப் பக்கமா நிக்குது?" எண்டு கேட்டன். மாமா நாடியால கடல்ட பக்கம் காட்டினார்.

போறம், போறம். கரை சிறுத்துப் போச்சு. மாமா திரும்பித் திரும்பிக் கரையைப் பாக்கார். வெளிச்சவீடும் குடும்பிமலையும் ஒரே நேர்கோட்டில வரணும், கோயில் கோபுரமும் ரெட்டைப் பனையும் மற்ற நேரில வரணும். ரெண்டு நேரும் வெட்டுற இடத்தில தோணியை நிப்பாட்டி நங்கூரக் கல்லைப் போட்டார். கடல்ல இடம் பிடிக்கிற முறை அதுதான் புள்ள, மிசின் ஒண்டும் தேவையில்ல. மறுகா சொன்னார்: "இதுதான் கப்பல்."

நான் எழும்பி நாலு பக்கமும் பாத்தன். தண்ணி. "எங்க மாமா?" மாமா வெத்திலையைத் துப்பிப்போட்டு, "இதுதான்" எண்டார். நான் குனிஞ்சு பாத்தன். பச்சைத் தண்ணி, அதில என்ட தொப்பிட நிழல்.

அப்பதான் எனக்கு மண்டையில அடிச்சது. நாப்பது வருசத்துக்கு முன்னால தாண்டு போன கப்பலைக் கிழவன் என்ட தலையில கட்டிப்போட்டார்!

அம்மா மூண்டு நாள் படுத்த பாய்ல இருந்து எழும்பல்ல. நாலாம் நாள் எழும்பினது வீரக்குட்டிக்கு ஏசுறதுக்கு. அந்த மனிசன் என்ன சொன்னார் தெரியுமா? "மிதக்கிற கப்பல் எண்டு நான் சொன்னனா?" சமையல்காரன் வேலை கேட்டவன் ஒரு வருசம் என்னோட கதைக்கல்ல. ஊரில எனக்குக் "கப்பல் மாப்பிள" எண்டு பேர். இப்பயும் தபால்காரன் அப்படித்தான் கேட்டு வாறான்.

ஆனா மீன்? அதைக் கேளுங்க. மற்றவனெல்லாம் வெறுங்கையோட வாற நாள்லயும் நான் கலவாயும் விளைமீனும் கொண்டு வருவன். என்னத்துக்கு அந்த இடத்தில மட்டும் மீன் நிக்குது? கீழ கப்பல் கிடக்கிறதாலதான். ஓட்டை, பொந்து, அறை எண்டு மீனுக்கு ஒரு பெரிய ஊடு. இது சின்னப் புள்ளைக்கும் விளங்கும். மெல்ல மெல்ல என்ட கோபம் ஆறிட்டு. கோபம் ஆறி, பெருமை வந்திட்டு. ஆர் கேட்டாலும் "என்ட கப்பலுக்குப் போறன்" எண்டுதான் சொல்லுவன். மாமா செத்த நேரம் எல்லாரையும் விட நான்தான் கூட அழுதன்.

மறுகா இந்தக் குகதாசன். என்ட பொஞ்சாதி ஞானத்தின்ட தம்பி. கட்டாருக்குப் போய் வந்து ஒரு பெரிய போட் வாங்கினான். வெள்ளைக்காரனுகளைக் கூட்டிக்கொண்டு போய், சிலிண்டர் கட்டி, அந்தப் பெரிய கப்பலைக் காட்டுறதுதான் அவனுக்குத் தொழில். ஒரு மிசின் வச்சிருக்கான், கடலுக்குக் கீழ என்ன இருக்கெண்டு அது கீறிக் காட்டுமாம். ஒரு நாள் என்னட்ட வந்து, "அத்தான், உங்கட இடத்துக்கு மேலாலயும் மிசினைக் கொண்டு போய்ப் பாத்தன். கப்பல் ஒண்டும் இல்ல, வெறும் கல்லுத்தான்" எண்டான். நான் கேட்டன்: "ஆரைக் கேட்டு என்ட கப்பலுக்கு மேலால போன நீ?"

அண்டையோட அவன்ட ஊட்டுப் பக்கம் போறதை விட்டன். அந்தக் கதையை விடுவம். ரெண்டு வருசத்துக்கு முதல், சித்திரை மாசம், ஒரு வேன் எங்கட வாசல்ல வந்து நிண்டுது. உள்ளுக்கிருந்து ஒரு வெள்ளைக்காரி அம்மா இறங்கினா. பேர் ஐவி. எழுபது வயசு, தும்பிக் கால் மாதிரி மெல்லிசு. கப்பலைப் பாக்கணுமாம். அண்டைக்கெண்டு குகதாசன்ட போட் என்ஜின் பழுதாகித் திருகோணமலையில கிடக்கு. வேன்காரன் சந்தியில நிண்டு "கப்பல் ஆர்ட்ட இருக்கு?" எண்டு கேட்டிருக்கான். ஊர்ச் சனம் பகிடிக்கு என்ட ஊட்டைக் காட்டி விட்டிருக்கு. பகிடியோ என்னவோ, சரியான ஆளிட்டத்தானே அனுப்பியிருக்கு?

வேன்காரன் இங்கிலிசைத் தமிழாக்கிச் சொன்னான். அந்த அம்மாட அப்பா கப்பல்ல வேலை செய்த ஆள். கப்பலோட போய்ட்டார். அதுக்கு மூண்டு மாசம் கழிச்சித்தான் இவ பிறந்தாவாம். அப்பாட முகத்தைப் படத்தில மட்டும்தான் கண்டது. இவட தாய் புருசனுக்கெண்டு கம்பளியில கால் மேசு பின்னிக்கொண்டிருந்தவவாம், காலுக்குப் போடுற மேசு. ஒரு கால் முடிஞ்சுது, மற்றக் கால் பாதியில நிக்கக்குள்ள தந்தி வந்திட்டு. அந்த மனிசி என்ன செய்தா தெரியுமா? தந்தியை மடிச்சு வச்சிட்டு மற்றக் காலையும் பின்னி முடிச்சாவாம். சாகும் மட்டும் அதை ஒரு பிஸ்கட் டின்னில வச்சிருந்திருக்கா. மகள் டின்னைத் திறந்து எனக்குக் காட்டினா. சாம்பல் நிறம், முழங்கால் மட்டும் வரும்.

"அவருக்கு எப்பவும் கால் குளிருமாம். அதைக் குடுத்திட்டுப் போக வந்திருக்கா" எண்டான் வேன்காரன்.

எங்கட கடல்ல ஆருக்குக் கால் குளிரும்? சோறு போட்டா கஞ்சியாகும், அவ்வளவு சூடு. நான் அதைச் சொல்ல வாய் திறந்தன். ஞானம் பின்னால நிண்டு என்ட முதுகில கிள்ளினா. வள்ளத்தை இறக்கி, வேன்காரனையும் ஏத்திக்கொண்டன்.

அவ கடல் ஒத்துக்கொள்ளாம வழி முழுக்கச் சத்தி எடுத்தா, ஆனா "திரும்புவம்" எண்டு ஒரு சொல் சொல்லல்ல. நான் வெளிச்சவீட்டையும் மலையையும் பாத்து, கோபுரத்தையும் பனையையும் பாத்து, ஒரு முழம் பிசகாம நிப்பாட்டினன். என்ட நெஞ்சில தட்டி, "மை ஷிப்" எண்டன். அவ தன்ட நெஞ்சில தட்டி, "மை ஃபாதர்" எண்டா. ரெண்டு பேரும் கீழ பாத்தம். டின் மிதக்கக் கூடாதெண்டு வலையில இருந்து நாலு ஈயக் குண்டைக் கழட்டிக் கட்டிக் குடுத்தன். அவ தன்ட கையால மெல்ல இறக்கி விட்டா. மறுகா அழுதா. நான் தலைத்துண்டைக் கழட்டிப்போட்டு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தன்.

இவ்வளவு சரியா இடம் எப்படித் தெரியும் எண்டு கேட்டா. சீதனம் எண்டன். வேன்காரன் அதை இங்கிலிசில சொல்லி முடிக்கக் கரை வந்திட்டு. அழுத கண்ணோட அவ சிரிச்ச சிரிப்பிருக்கே! என்ட ரெண்டு கையையும் பிடிச்சிக்கொண்டு விடல்ல.

ரெண்டு மாசத்தில கடிதம் வந்துது. வாத்தியார்தான் வாசிச்சார், தேத்தண்ணிக் கடையில வச்சு. நான்தான் எல்லாருக்கும் கேக்கச் சத்தமா வாசிக்கச் சொன்னது. அதில இருக்கு: 'சின்ன வயசில இருந்தே குளிர் காலம் வந்தா அப்பாட கால் குளிரும் எண்டு நினைச்சு எனக்கு நித்திரை வராது. இந்த வருசம் நல்லா நித்திரை கொள்ளுவன். உங்களுக்கும் உங்கட கப்பலுக்கும் நன்றி.' கேட்டீங்களா? உங்கட கப்பல்! வெள்ளைக்காரியே எழுத்தில தந்திட்டா. நான் எழும்பி நிண்டு கடையைச் சுத்திப் பாத்தன்.

மூலையில இருந்து குகதாசன்ட சத்தம் வருகுது. "ஐயோ அத்தான்! அந்த மனிசிட மேசு ரெண்டையும் கொண்டு போய்க் கல்லுக்கு மேலயா போட்டீங்க?"

கடை முழுக்கச் சிரிப்பு. நான் அவனுக்கு நல்ல மறுமொழி ஒண்டு குடுத்தன். என்ன மறுமொழி எண்டு இப்ப நினைவில்ல, ஆனா நல்ல மறுமொழி.

ஊட்ட வந்து ஞானத்திட்டச் சொன்னன், உன்ட தம்பி இப்படிக் கேவலப்படுத்திப்போட்டான் எண்டு. அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. தலையை நிமித்தாமச் சொல்றா: "அவன் சொல்றது சரிதான்."

"என்ன சரி?"

"இஞ்சேருங்க, அந்த இடத்தில கப்பல் தாழல்ல. அப்பா சின்ன வயசில அவ்விடத்தில தூண்டில் போட்டுக்கொண்டிருக்கக்குள்ளதான் அங்கால தூரத்தில கப்பல் எரிஞ்சு தாண்டதைக் கண்டவர். கப்பல் கண்ட இடம், கப்பல் கண்ட இடம் எண்டு சொல்லிச் சொல்லி, மறுகா கப்பல் எண்டே பேராகிட்டு. அப்பா இடத்துட பேரைத்தான் சொன்னவர்."

முப்பது வருசம் புள்ள! "ஏன் நீ எனக்குச் சொல்லல்ல?" எண்டு கேட்டன்.

"நீங்க கப்பலைக் கேட்டுத்தானே என்னைக் கட்டினீங்க. இல்லையெண்டா விட்டிட்டுப் போயிருவீங்களோ எண்டு முதல் அஞ்சு வருசம் பயத்தில சொல்லல்ல. அதுக்குள்ள நீங்க ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிட்டீங்க. மறுகா வெக்கத்தில சொல்லல்ல."

அவ கண்ணைத் துடைச்சா, மீன் கையோட. எனக்கு ஏச வாய் வரல்ல. நானா விட்டிட்டுப் போற ஆள்? கப்பல் இல்லாட்டியும் ஊடும் கிணறும் இருந்துதே. இல்ல, அது பகிடி. அவவை நான் கட்டின நாளில இருந்து ஒரு நாளும் விட்டிருக்க நினைச்சதில்ல. அதையும் அண்டைக்குத்தான் முதல் தரம் வாயால சொன்னன்.

ஆனா கேளுங்க, இது ஞானத்தின்ட கதை. மாமா வெத்திலையோட சொன்னதை அவ எப்படி விளங்கிக்கொண்டாவோ! கப்பல் இருக்கு எண்டுதான் நான் இப்பயும் சொல்லுவன்.

இருந்தாலும் எனக்குச் சோறு இறங்கல்ல. அங்க அந்த அம்மா நிம்மதியா நித்திரை கொள்ளப்போறா. இஞ்ச மேசு எங்க கிடக்கு? எனக்கு வெக்கமாப் போச்சு புள்ள, உண்மையாச் சொல்றன். கடலட்டை பிடிக்கத் தண்ணிக்குள்ள இறங்குற சூசையைக் கூட்டிக்கொண்டு போனன். அவன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கீழ போய், டின்னோட மேல வந்தான். டின்னுக்கு மேல ஒரு நண்டு. "கப்பல் எப்படி இருக்கு?" எண்டு கேட்டன். "கல்லுத்தான் அண்ண. ஆனா நல்ல கல்லு" எண்டான். நல்ல கல்லாம்! எழுபது வருசம் பாசியும் சிப்பியும் மூடினா இரும்பு கல்லு மாதிரித்தானே தெரியும்? அட்டை பிடிக்கிறவனுக்கு அட்டையைத்தான் தெரியும்.

அதை விடுங்க. நான் யோசிச்சது வேற. என்ட கப்பல் என்ட கப்பல்தான். ஆனா அந்த அம்மாட அப்பா எந்தக் கப்பல்ல இருந்தவர் எண்டு எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேள குகதாசன்ட கப்பல்ல இருந்திருந்தா? அதுக்காகத்தான். வேற ஒண்டுக்கும் இல்ல.

டின்னுக்குள்ள தண்ணி போய் மேசு நனைஞ்சு கிடந்துது. ஞானம் அதை நல்ல தண்ணியில அலசி, ஒரு ஓட்டையைத் தைச்சு, கொடியில காயப் போட்டா. சனமெல்லாம் வேலிக்கு மேலால பாக்குது. "இன்னொருக்கா நனையப்போற மேசு, இதை என்னத்துக்குக் காயப் போடுறாய்?" எண்டு கேட்டன். "ஒராளுக்குக் குடுக்கிற உடுப்பை ஈரத்தோடயா குடுக்கிறது?" எண்டா.

மறுகா போனன் குகதாசன்ட ஊட்டுக்கு. பதினொரு வருசத்துக்குப் பிறகு அவன்ட வாசப்படி மிதிக்கிறன். "மச்சான், என்னை உன்ட கப்பலுக்குக் கொண்டு போ" எண்டன். அவன் ஒரு சிரிப்புச் சிரிச்சான். "வாங்க அத்தான். ஆனா என்ட போட்டில ஏறுற ஆக்களெல்லாம் சட்டப்படி லைஃப் ஜாக்கெட் போடணும்" எண்டான். தோடம்பழ நிறம், கண்ணைக் குத்துற ஆரஞ்சு. கழுத்தில விசில் தொங்குது. நாப்பது வருசம் கடல்ல திரிஞ்ச நான், அதை மாட்டிக்கொண்டு, கை ரெண்டும் கீழ இறங்காம, ஊர்ச் சனத்துக்கு நடுவால கரையில நடந்து போனன். நாய் கூடக் குரைச்சுது.

அவன்ட இடம் தூரம். மிசின் கீக்கீ எண்டு கத்தினதும் போட்டை நிப்பாட்டினான். வழி முழுக்க என்னைப் பகிடி பண்ணி அலம்பிக்கொண்டு வந்தவன், நான் டின்னைக் கையில எடுத்ததும் வாயை மூடிட்டான். நான் சொல்லாமலே என்ஜினை நிப்பாட்டினான். அங்க கீழ எத்தின பேர் கிடக்கிறாங்களோ தெரியாது. சும்மா போடவும் ஏலா, என்ன சொல்ற எண்டும் விளங்கல்ல. இங்கிலிசும் வராது. குனிஞ்சு, தண்ணிக்குக் கிட்ட வாயை வச்சு, "சேர், உங்கட மேசு வந்திருக்கு" எண்டன். "மகள் கொண்டந்தவ. இடம் பிசகிப் போச்சு, மன்னிக்கணும். காஞ்சுதான் இருக்கு."

விட்டன். போய்ட்டு. குகதாசன் மற்றப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். தடிமன் எண்டான்.

பின்னேரம் வாத்தியாரிட்டப் போய் அந்த அம்மாவுக்கு மறுமொழி எழுதுவிச்சன். "மேசு அப்பாட்டப் போய்ச் சேந்திட்டு. இனி அவருக்குக் கால் குளிராது. நீங்க நித்திரை கொள்ளுங்க." வாத்தியார் பேனையை நிப்பாட்டிட்டு, "அவ சித்திரையில போட்டவ, இப்ப ஆனி. எப்ப போய்ச் சேந்த எண்டு திகதி போடவா?" எண்டு கேட்டார்.

திகதி வேணாம் வாத்தியார், எழுபது வருசம் சுணங்கின சாமானுக்கு ரெண்டு மாசம் ஒரு கணக்கா எண்டன்.